அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாமா?

கேள்வி: அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் எச்-1பி வேலை விசாவில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். வயது 34. பதினோரு நாளைக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை, மனைவியோடும் நண்பர்களோடும் 290 நெடுஞ்சாலை ஒயின் தோட்டங்களுக்குப் போய்விட்டு இரவு திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டி நான்தான் ஓட்டினேன். சாலையோர வெள்ளைக் கோட்டைத் தாண்டியதாகச் சொல்லி ஒரு ட்ரூப்பர் (மாநில நெடுஞ்சாலைப் போலீஸ்காரர்) நிறுத்தினார். கண்ணைப் பார்த்தார், கோட்டில் நடக்கச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். ஊத மறுத்தேன். நீதிபதியிடம் வாரண்ட் வாங்கி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் மதியம் பாண்டில் (ஜாமீனில்) வெளியே வந்தேன். ரத்த ரிசல்ட் இன்னும் வரவில்லை. அது சின்ன கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), கோர்ட்டே மாதத்துக்கு ஒரு நாள்தான் என்கிறார்கள். "போய் ஒத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வா, நாலு பேருக்குத் தெரியாமல் முடிந்துவிடும்" என்பது நண்பர்களின் யோசனை. தை மாதம் மதுரையில் தங்கை கல்யாணம். என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் முதலில் பார்த்தது "பதினோரு நாள்" என்ற வார்த்தையைத்தான். அதனால்தான் அன்றைக்கே தனியாக ஒரு வரி எழுதி அனுப்பினேன்: "லைசென்ஸ் ஹியரிங்குக்கு இன்றே விண்ணப்பியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்." அந்த ஒரு வரிக்கு விளக்கம், இதே நிலையில் மாட்டக்கூடிய மற்றவர்களுக்கும் சேர்த்து.

அன்றிரவு ட்ரூப்பர் உங்கள் பிளாஸ்டிக் லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஒரு தாள் கொடுத்திருப்பார். கசங்கிய நிலையில் பாண்ட் காகிதங்களோடு எங்காவது கிடக்கும், தேடிப் பாருங்கள். டிஐசி-25 என்று மேலே போட்டிருக்கும். அதுதான் இப்போது உங்கள் தற்காலிக லைசென்ஸ், 40 நாள் செல்லும். உங்கள் லைசென்ஸ் முடக்கப்படப் போகிறது என்ற நோட்டீஸும் அதுவேதான். டெக்சஸில் மூச்சோ ரத்தமோ தர மறுத்தால், முதல் தடவைக்கு 180 நாள் முடக்கம். அதை எதிர்த்து ஹியரிங் கேட்க, நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம். கோர்ட் தேதி எப்போது வருகிறது என்று காத்திருந்தால், கோர்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாத இந்த 15 நாள் போய்விடும். கோர்ட்டில் நடக்கப்போவது வேறு வழக்கு, இது வேறு வழக்கு. எனக்கு வரும் அழைப்புகளில் பாதிப்பேர் 20-ஆவது நாளில்தான் கூப்பிடுகிறார்கள்.

ஹியரிங் கேட்டால், அது முடிந்து முடிவு வரும்வரை முடக்கம் தொடங்காது. எனக்கு அதைவிட முக்கியம் இன்னொன்று: ட்ரூப்பருக்குச் சம்மன் அனுப்பி, சத்தியப் பிரமாணத்தின் பேரில் கேள்வி கேட்கும் முதல் வாய்ப்பு இங்கேதான் கிடைக்கிறது. பெரும்பாலும் போனிலோ வீடியோவிலோ நடக்கும். ஏன் நிறுத்தினீர்கள், கோட்டை எத்தனை தடவை தாண்டினார், பக்கத்தில் வேறு வண்டி இருந்ததா என்று சாவகாசமாகக் கேட்கலாம். அவர் சொல்வது பதிவாகிறது. ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் வேறு மாதிரி சொன்னால் அந்தப் பதிவு நம் கையில் இருக்கும். சம்மன் முறையாகப் போயும் அவர் வரவில்லை என்றால் லைசென்ஸ் வழக்கு பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடும். ஹியரிங்கில் தோற்றாலும் பிழைப்புக்காக ஓட்ட, கோர்ட்டில் தனி லைசென்ஸ் வாங்க வழி உண்டு. இன்ன நேரம், இன்ன வேலைக்கு என்று கட்டுப்பாட்டோடு தருவார்கள்.

சரி, நண்பர்கள் சொன்ன யோசனைக்கு வருவோம். அவர்கள் நினைப்பது நம்மூர் டிராஃபிக் போலீஸ் ரசீது மாதிரி ஒன்றை. டெக்சஸில் முதல் டிடபிள்யூஐ (குடித்துவிட்டு வண்டி ஓட்டிய குற்றம்), பி வகுப்புக் குற்றம்: 72 மணி நேரத்திலிருந்து 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். முதல் தடவைக்காரர்கள் பெரும்பாலும் சிறைக்குப் போவதில்லை, புரொபேஷனில்தான் (சிறைக்குப் பதில் கோர்ட் கண்காணிப்பில்) முடியும். ஆனால் தண்டனை பதிவானால் அந்த அபராதத்துக்கு மேல் மாநில அரசுக்குத் தனியாக 3,000 டாலர் கட்ட வேண்டும். ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.15 அல்லது அதற்கு மேல் வந்தால் குற்றம் ஏ வகுப்புக்கு ஏறும். சிறை ஒரு வருடம் வரை, அந்தத் தனித் தொகை 6,000. உங்கள் ரிசல்ட்டே இன்னும் வரவில்லை. எதை ஒத்துக்கொள்கிறோம் என்றே தெரியாமல் ஒத்துக்கொள்ளப் போவானேன்? நாலு பேருக்குத் தெரியாமல் முடியும் என்பதும் நடக்காது. ஜெயிலில் எடுத்த கைரேகை அன்றிரவே மத்திய அரசின் கணினிக்குப் போயாயிற்று.

இனி விசா. உங்களுக்கு உண்மையில் தூக்கம் கெடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன், கடிதத்தில் நீங்கள் கேட்காவிட்டாலும்.

நல்ல செய்தி முதலில். யாருக்கும் அடிபடாத, குழந்தை வண்டியில் இல்லாத, முதல் தடவை டிடபிள்யூஐ ஒன்றுக்காக மட்டும் நாடுகடத்துவது பொதுவாகச் சட்டத்தில் இல்லை. கவனக்குறைவாகக் குடித்துவிட்டு ஓட்டுவது வன்முறைக் குற்றம் ஆகாது என்று 2004-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கெட்ட செய்தி: பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவை ரத்து செய்ய தண்டனை தேவையில்லை, கைதே போதும். கடந்த ஐந்து வருடத்துக்குள் குடிபோதையில் ஓட்டியதாகக் கைதானவர்களின் விசாவை ரத்து செய்யலாம் என்று 2015 முதல் தூதரகங்களுக்கு வழிகாட்டல் இருக்கிறது. ஒரு நாள் காலையில் மின்னஞ்சல் வரும். பார்த்ததும் பலருக்குக் கை நடுங்கிவிடுகிறது, நாளைக்கே பெட்டி கட்ட வேண்டுமோ என்று. வேண்டாம். ரத்தாவது நாட்டுக்குள் நுழையும் சீட்டுத்தான். உள்ளே இருக்கும் உங்கள் எச்-1பி அந்தஸ்து அதனால் போகாது, வேலையும் தொடரலாம். வெளியே போனால்தான் திரும்பி வர புது விசா வேண்டும்.

சின்ன கவுண்டியில் உங்களுக்கு விரிக்கப்படும் வலை ஒன்று உண்டு. வலை என்று சொல்வதுகூடத் தப்பு, நல்ல மனதோடுதான் தருவார்கள். 2019 செப்டம்பர் முதல், 0.15-க்குக் கீழே இருக்கும் முதல் டிடபிள்யூஐக்கு "டெஃபர்டு அட்ஜுடிகேஷன்" கொடுக்கலாம் என்று டெக்சஸ் சட்டம் மாறியது. நீங்கள் குற்றத்தை ஒத்துக்கொள்வீர்கள், நீதிபதி தீர்ப்பு எழுதாமல் ஒத்திவைப்பார், சொன்னபடி நடந்துகொண்டால் வழக்கு தள்ளுபடி. கவுண்டி அட்டர்னி, அதாவது வழக்கை நடத்தும் அரசு வக்கீல், "தம்பி, உன் மேல் தண்டனையே இல்லை" என்பார். டெக்சஸ் கணக்கில் அது சரி. குடியேற்றச் சட்டத்தின் கணக்கு வேறு: குற்றத்தை ஒத்துக்கொண்டீர்களா, கோர்ட் ஏதாவது தண்டனையோ கட்டுப்பாடோ விதித்ததா? இரண்டும் நடந்திருந்தால் அது தண்டனைதான், பின்னால் தள்ளுபடி ஆனாலும். "நோ கான்டெஸ்ட்" (குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை) என்று சொன்னாலும் அதே கதை. பத்து வருடம் கழித்து குடியுரிமை விண்ணப்பத்தில் "எனக்குத் தண்டனை இல்லை" என்று எழுதிவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் இப்படித்தான் மாட்டுகிறார்கள். குடித்ததைவிடப் பொய் சொன்னது பெரிய குற்றமாகிவிடும்.

டைவர்ஷன் என்று இன்னொன்று சில கவுண்டிகளில் இருக்கிறது. கோர்ட்டில் எதையும் ஒத்துக்கொள்ளாமல், அட்டர்னியோடு ஒப்பந்தம் போட்டு, வகுப்பு, சேவை என்று முடித்தால் வழக்கை எடுத்துவிடுவார்கள். இது கிடைத்தால் உங்களுக்கு நல்லது. ஆனால் ஒப்பந்தத்தின் மூன்றாம் நான்காம் பக்கத்தில் "நடந்ததை ஒத்துக்கொள்கிறேன்" என்று கையெழுத்திடும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு பத்தியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கியதுண்டு. முன்பு வேறு எந்த வெளிநாட்டுக்காரரும் கேட்காததால் அந்தப் படிவம் அப்படியே இருந்திருக்கிறது, அவ்வளவுதான். "சாலையை மறித்தல்" என்ற குற்றமாகக் குறைத்துக்கொள்வதும் டெக்சஸில் வழக்கமான பேரம். அதுவும் பி வகுப்புதான், ஆனாலும் பேரில் குடி இருக்காது. இதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்வது உங்கள் வக்கீலின் கடமை. கட்சிக்காரருக்குக் குடியேற்ற விளைவைச் சொல்லாத வக்கீல் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

வழக்கில் தேற என்ன இருக்கிறது? நீங்கள் எத்தனை கோப்பை குடித்தீர்கள் என்று எழுதவில்லை, நல்லது, எனக்கும் வேண்டாம். உங்கள் வக்கீலிடம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "ரெண்டே ரெண்டு பீர்" என்று சொல்லாத கட்சிக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை, ட்ரூப்பர்களும் பார்த்ததில்லை.

முதலில் நிறுத்தியதே சரியா. வெள்ளைக் கோட்டை டயர் தொட்டுத் திரும்பியது மட்டுமே காரணம் என்றால், அது ஆபத்தான முறையில் நடந்ததா என்று கேட்க வேண்டும். கோட்டை விட்டு விலகியது மட்டும் போதாது, பாதுகாப்பில்லாமல் விலகியிருந்தால்தான் குற்றம் என்று டெக்சஸ் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் சொன்னது. ஆளில்லாத கிராமத்துச் சாலையில், இரவில், பக்கத்தில் வேறு வண்டியே இல்லாதபோது இது உயிருள்ள வாதம். ஒரு மைல் தூரம் வண்டி அலைந்தது வீடியோவில் தெரிந்தால் வாதம் செத்துவிடும், அதுவே போதை சந்தேகத்துக்குக் காரணம் என்பார்கள். ஆகவே வீடியோ பார்க்காமல் ஒன்றும் சொல்லக்கூடாது. வழக்கு பதிவானதும் வீடியோ, அறிக்கை, லேப் கோப்பு எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டால் அரசுத் தரப்பு தர வேண்டும். 2014-இல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்துக்கு மைக்கேல் மார்ட்டன் பேர் வைத்திருக்கிறார்கள். ஆஸ்டினுக்கு வடக்கே, வில்லியம்சன் கவுண்டியில், மனைவியைக் கொன்றதாக 1987-இல் தண்டிக்கப்பட்டு, நிரபராதி என்று தெரிந்து 2011-இல் வெளியே வந்தவர். அவருக்குச் சாதகமான காகிதங்கள் வழக்கு நடந்தபோதே இருந்தன, அவர் வக்கீல் கைக்கு வரவில்லை. உங்கள் வழக்கில் கேட்டு வாங்கும் ஒவ்வொரு தாளும் அந்த மனிதர் போட்ட பாதையில்தான் வருகிறது.

அப்புறம் அந்தச் சாலையோரப் பரிசோதனைகள். மூன்றுக்கும் தேசிய அளவில் கையேடு இருக்கிறது, ட்ரூப்பர் அதைப் படித்துத்தான் வந்திருப்பார். கோட்டில் போக ஒன்பது காலடி, வர ஒன்பது காலடி, குதிகால் நுனிக்காலைத் தொட வேண்டும். எட்டு அடையாளங்களில் இரண்டு கண்டாலே அவர் கணக்கில் நீங்கள் தோல்வி. ஒற்றைக் காலில் 30 விநாடி, நான்கில் இரண்டு. தரை காய்ந்து, கெட்டியாக, சமமாக, வழுக்காமல் இருக்க வேண்டும் என்று அதே கையேடு சொல்கிறது. 290-இன் ஓரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: சரளைக்கல், சரிவு, கண்ணில் அடிக்கும் சிவப்பு நீல விளக்கு, பக்கத்தில் லாரி போனால் சட்டையை இழுக்கும் காற்று. அன்று காலில் என்ன போட்டிருந்தீர்கள்? செருப்பா, ஷூவா? முழங்கால் வலி, முதுகு வலி, காதுக்குள் கோளாறு எதுவும் உண்டா? இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள், மறந்துபோகும்.

கண் பரிசோதனையில் நம்மவர்களுக்கென்றே ஒரு வில்லங்கம் இருக்கிறது. பேனா நுனியைக் கண்ணால் மட்டும் பின்தொடர வேண்டும், தலை அசையக்கூடாது. "புரிகிறதா?" என்று ட்ரூப்பர் கேட்பார். நாம் என்ன செய்வோம்? "சரி சரி" என்று தலையை இடமும் வலமுமாக ஆட்டுவோம். ஒரு திருநெல்வேலிக்காரரின் வழக்கு வீடியோவில் அப்படித்தான் நடந்தது. ஆமாம் என்று தலையாட்டுகிறார், இல்லை என்கிறார் என்று நினைத்து ட்ரூப்பர் திரும்ப விளக்குகிறார், இவர் இன்னும் பலமாக ஆட்டுகிறார். அறிக்கையில் வந்தது: "உத்தரவைப் புரிந்துகொள்ளவில்லை, தலை ஆடிக்கொண்டே இருந்தது." வேகமாகப் பேசும் நம் ஆங்கிலம் "குழறிய பேச்சு" ஆகிவிடுவதும் உண்டு. அறிக்கையில் அப்படி இருந்தால், வீடியோவை ஜூரி முன் ஓட விட்டாலே போதும். நீங்கள் எப்போதும் பேசுகிற மாதிரியான உங்கள் அலுவலகப் பதிவு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

ரத்தம்தான் வழக்கின் நெஞ்சு. வாரண்டுக்காக ட்ரூப்பர் நீதிபதியிடம் கொடுத்த பிரமாணப் பத்திரத்தை வாங்கி, எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். நீதிபதி அந்தத் தாளில் இருப்பதை மட்டும் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்க முடியும். பெரும்பாலும் கட்டத்தில் டிக் அடிக்கும் அச்சுப் படிவம், நடுராத்திரியில் நிரப்பியது. தேதி தப்பு, நேரம் தப்பு, போன வழக்கிலிருந்து அழிக்காமல் விட்ட "அவள்" என்ற சொல், எல்லாம் பார்த்திருக்கிறேன். எழுத்துப்பிழை மட்டும் வழக்கை உடைக்காது. போதை என்று நம்ப எந்த விவரமும் இல்லாமல் வெறும் டிக் மட்டும் இருந்தால் உடையலாம்.

கிராமப்புறத்தில் இன்னொரு சங்கதி தூரம். ஆஸ்பத்திரி முப்பது நாற்பது மைல் தள்ளி இருக்கும். உங்களை நிறுத்தியது ஒன்பதே முக்கால் போல என்றால், ஊசி குத்தியது எத்தனை மணிக்கு? அரசு நிரூபிக்க வேண்டியது நீங்கள் ஓட்டும்போது போதையில் இருந்தீர்களா என்பதை, படுக்கையில் கிடந்தபோது அல்ல. கடைசிக் கோப்பை குடித்து உடனே கிளம்பியிருந்தால் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டும் இருந்திருக்கலாம், இறங்கிக்கொண்டும் இருந்திருக்கலாம். பின்னோக்கிக் கணக்குப் போட உங்கள் எடை, சாப்பாடு, குடித்த நேரம் எல்லாம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதை நீங்களே சொல்லிவிடாமல் இருந்தால் அவர்கள் நிபுணர் தடுமாறுவார். ஆனால் கவனம், எண் சட்ட வரம்பான 0.08-ஐ எட்டாவிட்டாலும், குடியால் உடலோ மனமோ வழக்கமான நிலையில் இல்லை என்று நிரூபித்தாலே டெக்சஸில் போதும். எடுத்த ரத்தத்தை வேறு லேபில் மறுபரிசோதனை செய்யக் கேட்கலாம். செலவு பிடிக்கும். எண் 0.08, 0.09 பக்கம் வந்தால் செய்யுங்கள், 0.19 வந்தால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

இப்போது அந்தக் கோர்ட். டெக்சஸில் 254 கவுண்டிகள். லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர்தான். அவ்வளவு சின்னதில்லை என்றாலும், உங்கள் கவுண்டியில் இந்த வழக்கைக் கேட்கும் கவுண்டி நீதிபதி வக்கீலுக்குப் படித்தவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. காலையில் ரோடு போடும் பட்ஜெட்டுக்குத் தலைமை தாங்குபவரும் அவரே. ஜூரி ஆறு பேர், ஆறு பேரும் ஒத்துப்போக வேண்டும். அந்த ஆறு பேரில் இருவர் ட்ரூப்பரோடு ஞாயிற்றுக்கிழமை ஒரே சர்ச்சில் உட்காருபவர்களாக இருக்கலாம். இதைக் கேட்டதும் பயம் வரும். எனக்கு வராது. அந்த ஊரில் பலருக்கும் ஒயின் தோட்டத்தில்தான் சோறு. நேராகப் பேசினால் நேராகக் கேட்பார்கள். பிடிக்காதது ஒன்றுதான், ஹூஸ்டனிலிருந்து பளபளப்பான சூட்டில் வந்து நீதிபதிக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்கும் வக்கீல். முதல் நாளே முப்பது மனு போட்டு மிரட்டினால், ஒற்றை ஆளாக அலுவலகம் நடத்தும் கவுண்டி அட்டர்னி பேரத்தின் கதவைச் சாத்திவிடுவார். ஆகவே அந்த கோர்ட்டுக்கு மாதாமாதம் போய்வரும் டிடபிள்யூஐ வக்கீல் ஒருவரைப் பிடியுங்கள். பக்கத்தில் குடியேற்ற வக்கீல் ஒருவரை ஒரு மணி நேர ஆலோசனைக்கு வையுங்கள். ஒருவரே இரண்டையும் பார்க்கிறேன் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். மாதம் ஒரு நாள் கோர்ட் என்பது உங்களுக்கு இடைஞ்சல் அல்ல, தயவு. லேப் கோப்பு வருவதற்குள் யாரும் உங்களை அவசரப்படுத்த முடியாது.

சில சில்லறை விஷயங்கள். ஜெயில் போனில் பேசியதெல்லாம் பதிவாகும். "ஆமாம்மா, நாலு கிளாஸ் ஆயிடுச்சு" என்று தமிழில் சொல்லியிருந்தாலும் மொழிபெயர்க்க ஆள் கிடைப்பார். பேசியிருந்தால் வக்கீலிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வண்டியில் இருந்த நண்பர்களோடு வாட்ஸ்அப்பில் இதைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம், பழையதை அழிக்கவும் வேண்டாம். ஒயின் தோட்டத்துக் கார்டு ரசீது, மதியம் சாப்பிட்ட ரசீது இரண்டையும் எடுத்து வக்கீலிடம் கொடுங்கள், வேறு யாரிடமும் வேண்டாம். குடி பற்றிய மதிப்பீட்டுக்கு நீங்களாகவே ஒரு முறை போய்வாருங்கள். எதற்கென்று அடுத்த பத்தியில் தெரியும். இனி குடித்தால் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. இரண்டாவது வழக்கு வந்தால் இங்கே எழுதிய எதுவும் பொருந்தாது. குடியுரிமைக்கான காலத்தில் இரண்டு தண்டனை இருந்தால் நன்னடத்தை இல்லாதவர் என்றே தொடங்குவார்கள்.

கல்யாணம். முதலில் பாண்ட் காகிதத்தைப் படியுங்கள், மாநிலம் தாண்டக் கூடாது என்று நிபந்தனை இருக்கலாம். இருந்தால் வக்கீல் மனுப்போட்டு அனுமதி வாங்குவார். அது சின்ன வேலை. பெரிய வேலை திரும்பி வருவது. விசா ரத்தாகியிருந்தால் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம் "எப்போதாவது கைதானதுண்டா" என்று கேட்கும், வழக்கு தள்ளுபடியே ஆகியிருந்தாலும் ஆமாம் என்றுதான் எழுத வேண்டும். அங்கிருந்து தூதரகம் அங்கீகரித்த டாக்டரிடம் அனுப்புவார்கள். குடிக்கு அடிமை, அதனால் ஆபத்தான நடத்தையும் உண்டு என்று அவர் எழுதிவிட்டால் ஒரு வருடமாவது குடியில்லாமல் இருந்து காட்டும் வரை விசா இல்லை. நீங்கள் இங்கே முன்கூட்டியே எடுத்த மதிப்பீட்டு அறிக்கை அந்த மேஜையில்தான் உதவும், முடிந்த வழக்கின் கோர்ட் காகிதமும் அங்கேதான் பேசும். தைக்குள் உங்கள் வழக்கு முடியாது. முடியாத வழக்கோடு போனால் இரண்டு வாரம் என்று போனது நான்கு மாதம் ஆகலாம், அதுவரை உங்கள் நிறுவனம் காத்திருக்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். என் தம்பியாக இருந்தால் போக வேண்டாம் என்பேன். மனைவி தனக்கென்று சொந்த விசாவில் இருந்தால் அவர் போய்வரலாம். உங்கள் எச்-1பியைச் சார்ந்த எச்-4 என்றால் அவர் டிக்கெட்டையும் குடியேற்ற வக்கீலிடம் கேட்காமல் போடாதீர்கள். தங்கையிடம் நீங்களே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், வேறு யார் மூலமாகவோ அவள் காதுக்குப் போவதற்குள்.